ஹேர் டிரையரில் காய்ந்த கிழங்கு

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள்முதல் அவள் பேசவில்லை. கழுத்தில் இருந்த கட்டியை நல்லபடியாக எடுத்துவிட்டார்கள். பயப்படும்படியான கட்டி இல்லை என்று சோதனை முடிவும் வந்துவிட்டது. ஆனால் கட்டியை எடுக்கும்போது குரலுக்குப் போகிற நரம்பு கொஞ்சம் இழுபட்டுவிட்டதாம்.

"அறுந்து போகல. அசந்து போயிருக்கு, அவ்வளவுதான்," என்றார் டாக்டர். "பெரும்பாலானவங்களுக்குத் தானா சரியாயிடும். அப்பப்ப பேச முயற்சி பண்ணச் சொல்லுங்க."

அந்தப் 'பெரும்பாலானவங்களுக்கு' அவள் கணவரின் மனதில் முள்ளாக நின்றுவிட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். பெரும்பாலான லிஃப்டுகள் ஒழுங்காகத்தான் ஏறி இறங்குகின்றன. அவரைக் கூப்பிடுவதெல்லாம் மிச்சமிருப்பவற்றுக்குத்தான்.

அவளுடைய வேலையே குரலை நம்பியது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார் அவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "கண்ணாடியப் பாரு, கண்ணாடியில உன் மூஞ்சியப் பாக்கச் சொல்லல" என்று அவள் போடும் போட்டில் எத்தனையோ பேர் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதிலிருந்து, பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தது வரைக்கும் கணவருக்கு அர்ச்சனை நடக்கும். ஒரு நாளாவது இந்த வீடு அமைதியாக இருக்காதா என்று அவர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார். இப்போது வீடு அமைதியாக இருந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆரம்பத்தில் அவள் முயன்று பார்த்தாள். வந்தது வெறும் காற்று. பஞ்சரான டயரிலிருந்து வருமே, அந்த மாதிரி. தன் வாயிலிருந்து வந்த அந்தச் சத்தத்தைத் தானே கேட்டதும் அவள் முகம் சுருங்கிப்போனது. அதோடு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். ஏதாவது வேண்டுமென்றால் கைதட்டுவாள். கோபம் வந்தால் இன்னும் பலமாகத் தட்டுவாள்.

சாப்பாட்டிலும் சிக்கல்தான். எதை வேண்டுமானாலும் நன்றாக மென்று சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கணவருக்குப் பயம் விடவில்லை. வேளாவேளைக்குக் கஞ்சியாகவே காய்ச்சிக் கொடுத்தார். ஒரு நாள் அவள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, போனை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஃப்ரைஸ் படம். பயிற்சி மைதானத்து வாசலில் ஒரு வேன்காரர் அதை விற்பார். கடைசி மாணவனை இறக்கிவிட்டதும் அவள் அங்கே போய் ஒரு பொட்டலம் வாங்கிக் கொறிப்பது வழக்கம்.

கணவர் விழுந்தடித்துக்கொண்டு போய் வாங்கிவந்தார். ஆனால் வழியெல்லாம் நெரிசல். பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே எல்லாம் நமுத்துப்போய்க் கிடந்தது. அவள் ஒரு துண்டின் நுனியைப் பிடித்துத் தூக்கினாள். அது துவண்டு தொங்கியது. அதைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டாள். கைகூடத் தட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அவளுடைய தம்பிக்குப் போன் செய்தார். தம்பி ஒரு சலூனில் முடிவெட்டுகிறவன். ஆள் ஒல்லி என்பதால் எல்லோருக்கும் அவன் குண்டூசி.

"இதுக்குப் போய் ஏன் மாமா குரல் கம்முது? வீட்லயே பண்ணிடலாம். நாளைக்குக் கடை லீவு, வர்றேன்," என்றான்.

சொன்னபடியே மறுநாள் மத்தியானம் கிழங்குப் பையோடு வந்து நின்றான். அக்கா கூடத்தில் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, வருகிறவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாக்காத. இன்னிக்கு நீ ராணி. உக்காந்த இடத்துக்கு வரும்," என்று சொல்லிவிட்டு அவன் அடுப்படிக்குள் நுழைந்தான்.

கிழங்கைத் தோல் சீவி விரல் விரலாக நறுக்கினார்கள். குண்டூசியின் கை தொழில் பழகிய கை. ஒரு துண்டுக்கும் இன்னொன்றுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. மாமாவின் பங்கில் சில கட்டைவிரல் போலவும் சில தீக்குச்சி போலவும் இருந்தன. எல்லாவற்றையும் எண்ணெயிலும் உப்பிலும் புரட்டி, தட்டு நிறையக் கொட்டி ஓவனுக்குள் தள்ளினார்கள். மெக்கானிக் டார்ச் அடித்துக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியே எடுத்தபோது கிழங்கு வெந்திருந்தது. அவ்வளவுதான். தட்டின் அடியில் தண்ணீர் விட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"இதுக்கு அந்த வேன்காரரே தேவலாம் மாமா."

"ஈரம்டா. எல்லாத்துக்கும் காரணம் ஈரம்," என்றார் மெக்கானிக். "உப்ப முதல்லயே போட்டோம், தண்ணி விட்டுடுச்சு. போதாததுக்கு ஒண்ணு மேல ஒண்ணா அடைச்சு வச்சோம். ஆவி எங்க போகும்? உள்ளேயே சுத்திச் சுத்தி வேக வச்சிருக்கு."

குண்டூசி போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பார்த்தான். மாமா சொன்னதையேதான் அதில் சமைத்துக்காட்டிய அம்மாவும் சொன்னார். நறுக்கிய கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு மாவுத்தன்மையைக் கழுவ வேண்டும். பிறகு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, சோள மாவை லேசாகத் தூவ வேண்டும். எண்ணெய் கொஞ்சம்தான். தட்டில் இடம் விட்டு அடுக்க வேண்டும். உப்பு கடைசியில்.

மறுபடி நறுக்கினார்கள். ஊறவைத்தார்கள். துடைக்கத் தொடங்கியபோது வந்தது வம்பு. வீட்டிலிருந்த துடைக்கும் துணிகள் எல்லாம் நனைந்தும் கிழங்கு இன்னும் பிசுபிசுத்தது.

"இருங்க," என்று வெளியே போன குண்டூசி, வண்டியிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பினான். ஹேர் டிரையர்.

"டேய், கிழங்குல முடி ஒட்டப்போகுது."

"கடைக்குன்னு வாங்கினது மாமா, இன்னும் பெட்டியே பிரிக்கல. இந்தக் கிழங்குக்குத்தான் முதல் போணி."

டிரையரின் இரைச்சல் கேட்டு அவள் எழுந்து வந்து அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் பார்க்கவில்லை. மெக்கானிக் ஒரு தட்டை மட்டும் ஓவனில் வைத்துவிட்டு, அடுத்த தட்டுக்கான கிழங்கைத் துணியில் பரப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். குண்டூசி ஒரு கையில் டிரையரும் மறு கையில் சீப்புமாக, ஒவ்வொரு துண்டையும் புரட்டிப் புரட்டிக் காயவைத்தான். வாய் பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"சாருக்கு சைடுல கொஞ்சம் குறைச்சிடவா? மீசை வேணுமா? மாமா, தலைய ஆட்டாதீங்க, கஸ்டமர் பயப்படுறாரு."

ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

கரகரவென்று, துருப்பிடித்த கீல் திறப்பது போல. ஆனால் சத்தம். காற்று இல்லை, சத்தம். குண்டூசி டிரையரை அணைத்தான். மெக்கானிக் திரும்பினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். கண்கள் இரண்டும் விரிந்திருந்தன. தன் தொண்டைதானா என்று தொட்டுப் பார்த்தாள்.

யாரும் அசையவில்லை. அசைந்தால் கலைந்துவிடும் என்பது போல மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் நின்றார்களோ தெரியாது. அவள் மூக்கு மட்டும் மெல்லச் சுருங்கியது.

"கருகுது," என்றாள்.

இரண்டு ஆண்களும் பேந்தப் பேந்த விழித்தார்கள்.

"கிழங்கு... கருகுது," என்று ஓவனைக் காட்டினாள். குரல் பாதியில் உடைந்து மறுபடி ஒட்டிக்கொண்டது.

மெக்கானிக் பாய்ந்து ஓவனைத் திறந்தார். குப்பென்று புகை வந்தது. துணியால் பிடித்துத் தட்டை வெளியே எடுத்தவர், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. புகையால் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

"தட்டக் கீழ வைங்க. கையச் சுட்டுக்கப் போறீங்க."

"இன்னொரு தடவ சொல்லு," என்றார் அவர்.

"வைங்கன்னா வைக்கணும்."

வைத்தார். குண்டூசி அடுப்படி மேடையில் சாய்ந்து, "அக்கா, என்னைய ஒரு திட்டு திட்டேன். ரொம்ப நாளாச்சு," என்றான்.

"சீப்பக் கழுவினியாடா?" என்று கேட்டாள் அவள். அவன் மாமாவைக் கட்டிக்கொண்டான்.

காயவைத்த கிழங்கு அடுத்ததாக உள்ளே போனது. இந்த முறை அவள் முக்காலியைப் போட்டு ஓவனுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். நடுவில் ஒரு தரம் திருப்பிப் போடச் சொன்னாள். கடைசியில் ஆவி போக ஓவன் கதவைக் கொஞ்சம் திறந்துவைக்கச் சொன்னாள். வெளியே வந்தபோது ஓரமெல்லாம் பொன்னிறமாகச் சிவந்திருந்தது. உப்பையும் மிளகையும் தூவிக் குலுக்கியதும் தட்டில் கலகலவென்று ஓசை எழுந்தது. அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடித்த சத்தம் அவர்களுக்கும் கேட்டது. உள்ளே மாவாகக் கரைந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதற்குத் தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மெக்கானிக் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். எடுத்த நர்ஸ் சந்தோஷப்பட்டார். "நல்ல செய்திங்க. நரம்பு முழிச்சுக்கிச்சு. ஆனா இன்னிக்கே ரொம்பப் பேச விடாதீங்க, கத்த விடவே கூடாது."

"அது நம்ம கையில இல்லீங்களே சிஸ்டர்," என்றார் அவர். அந்தப் பக்கம் சிரிப்பது கேட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் அவள், "யாருகிட்ட என்னைப் பத்தி..." என்று தொடங்கி இருமினாள்.

கருகியவற்றைக் குப்பைத் தொட்டியில் போட அவர் கீழே இறங்கினார். போட்டுவிட்டு உடனே மேலே ஏறத் தோன்றவில்லை. கட்டடத்தின் வாசல் படியில் உட்கார்ந்தார். தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். எதிர் மாடியில் ஒரு பெண் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போய்விட்டது. மூச்சை இழுத்து விட்டார், அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. கையில் எண்ணெய் வாசனை அடித்தது.

மேலே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

"என்னங்க."

கரகரத்த குரல்தான். தெருவுக்கு எட்டவில்லை, ஆனால் அவருக்கு எட்டியது. அவர் பதில் சொல்லவில்லை. இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று குனிந்து சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, எங்க போய்..."

குரல் கொஞ்சம் உயர்ந்து இழுத்தது. நர்ஸ் சொன்னது சட்டென்று நினைவுக்கு வந்தது. "வந்துட்டேன், வந்துட்டேன், கத்தாத," என்று சொல்லிக்கொண்டே அவர் படிகளில் தாவி ஏறினார்.