நீலாயதாட்சி குடிபோன வாத்தியம்

என் மனைவி நீலாயதாட்சி ஆடி மாதத்தில் மேண்டலின் ஒன்றினுள் குடிபோனாள். எந்த மேண்டலின் என்று சொல்லவில்லை. ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா என்று கேட்டதற்கு, "அதனாலதான் வாடகை கம்மி" என்றாள்.

போகும்போது வீட்டின் ஓசைகளையும் எடுத்துச் சென்றிருந்தாள். குக்கர் விசில் அடிப்பதில்லை. சோறு எப்போது வெந்தது என்று தெரியாமல், தினமும் குழைந்ததையே உண்கிறேன். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மாலையில் அவள் வளையல் சத்தம் இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ராயப்பேட்டை வாத்தியக் கடையில் மேண்டலின் குடும்பத்தார் அனைவரும் சுவரில் தொங்குகிறார்கள். கடைக்காரர் ரெஜினால்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்கவா, தேடவா சார்?"

"தேடத்தான். என் மனைவியை."

"கோவிச்சிக்கிட்டாங்களா?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

"அப்ப கோவம்தான்."

முதலில் சிறிய மேண்டலினை எடுத்துக் கொடுத்தார். மீட்டினேன். உள்ளே யாரோ தும்மினார். ஆண் தும்மல். மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்தது மேண்டோலா, உருவம் சற்றுப் பெரியது, குரல் சற்றுத் தணிந்தது. அதனுள் ஒருவர் நாற்காலியை நகர்த்திவிட்டு, "இங்க இல்ல, பக்கத்து வீடு" என்றார்.

பக்கத்து வீடு மேண்டோசெல்லோ. அந்தச் சுவரில் அதுவே பெரியது. நாங்கள் அதை நெருங்குவதற்குள் கடை நீண்டுவிட்டது. ரெஜினால்டு நடுவழியில் நின்று ஒரு டீ குடித்தார்.

மேண்டோசெல்லோவை மடியில் வைத்து, வழக்கம்போல் ஒரு கம்பியைத் தளர்த்தத் தொடங்கினேன். இவ்வகை வாத்தியங்களில் கம்பிகள் இரண்டிரண்டாக, ஒரே சுருதியில் இருக்கும். கர்நாடக சங்கீதம் வாசிக்கும் எங்களில் பலர் ஜோடியில் ஒன்றைக் கழற்றிவிடுவோம். சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு அது இடைஞ்சல்.

"கை வைக்காதீங்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "அதுல துணி காயுது."

நீலாயதாட்சியின் குரல்.

"நீலா, வீட்டுக்கு வா."

"வந்து? அங்க கொடி எங்க இருக்கு? ஒண்ணொண்ணா கழட்டி டப்பாவுல போட்டுட்டீங்க."

"குக்கர் விசில் அடிக்க மாட்டேங்குது."

"தெரியும். இங்க அடிக்குது. இளைச்சுட்டீங்களா?"

"கொஞ்சம்."

உள்ளே வளையல்கள் நகர்ந்தன.

"சஹானா வாசிங்க. ரெண்டு கம்பியோடயும்."

வாசித்தேன். காந்தாரத்தை அசைத்தபோது ஒரு கம்பி முன்னே போயிற்று. மற்றது பின்தங்கி வந்து சேர்ந்தது. சபாவில் வாசித்திருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். நீலாயதாட்சி எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

ரெஜினால்டு குனிந்து பார்த்தார்.

"உள்ள போறதுன்னா செருப்பை இங்கயே விடுங்க சார். புது வார்னிஷ்."

விட்டேன். உள்ளே தரை சற்று வளைவாக இருந்தது. அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். பக்கத்தில் அமர்ந்தேன்.

சற்று நேரத்தில் வெளியே ஒரு பெண்மணி, இதை வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"தாராளமா மேடம்" என்றார் ரெஜினால்டு. "கொஞ்சம் மெதுவா. உள்ள குடும்பம் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீலாயதாட்சி என் வாயைப் பொத்தினாள்.