துடுக்கு திரும்பும் வேகம்

துடுக்கு என்ற கைப்பொம்மை பதினாறு வருஷமாக டிவியில் எல்லாரையும் எதிர்த்துப் பேசிச் சிரிக்க வைக்கிறது. அதன் அக்காவாக வரும் பொம்மை திட்டி முடிப்பதற்குள் துடுக்கு வெடுக்கென்று திரும்பிப் பதிலடி கொடுக்கும். கடைசி நாலு வருஷமாகத்தான் கொஞ்சம் தலை தாழ்த்தி நின்று, அப்புறம் மெல்லத் திரும்புகிறது. "துடுக்குக்குப் பக்குவம் வந்துடுச்சு" என்று பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின.

பக்குவமாவது மண்ணாவது! எல்லாம் உள்ளே கையை விட்டு ஆட்டுகிறவரின் மணிக்கட்டு வலி. அது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அக்கா பொம்மையை ஆட்டுகிறவள் அவள்தான்.

ஆபரேஷன் முடிந்தது. மணிக்கட்டு பம்பரமாய்ச் சுழன்றது. முதல் நாள் படப்பிடிப்பில் அக்கா பொம்மை கேட்டது: "உன்னால இந்த வீட்டுக்கு ஒரு பிரயோஜனம் உண்டா?"

பழைய வேகத்தில் திரும்பத்தான் அவர் நினைத்திருந்தார். ஆனால் துடுக்கு தலை தாழ்த்தி நின்றது. பிறகு மெல்லத் திரும்பியது.

"கட்" சொன்னதும், மேஜைக்கு அடியில் பக்கத்தில் குந்தியிருந்த மனைவி பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "இன்னுமா வலிக்குது?"

"எனக்கு இல்ல," என்றார். "அவனுக்கு."