வேர் விட்ட சர்வே கல்

குத்தாலத்துக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டிய எழில்மொழியின் கொல்லையில் நட்ட சர்வே கல் புரட்டாசி முடிவதற்குள் வேர் விட்டுவிட்டது. வெள்ளை வேர், விரல் தடிமன். முதலில் கத்திரிப் பாத்திக்குள் ஓடிச் செடிகளை வாட வைத்தது, பிறகு சமையற்கட்டுத் தரையை நெம்பியது. நட்டபோது முழங்கால் உயரம் இருந்த கல் இடுப்புக்கு வந்திருந்தது. எரிவாயுக் குழாய் போடப்போகும் கம்பெனி, எழில்மொழி அலுவலகம் போயிருந்த நேரம் பார்த்து நட்ட கல் அது. கொல்லை போய்விடும், இழப்பீடு வரும் என்றார்கள். ஊரில் யாரும் கல் வளர்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனிக் கல் வளராமல் என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

எழில்மொழிக்கு மின்வாரியத்தில் உத்தியோகம். அவள் அம்மா காளியம்மாள் அறுபது வயதுவரை அடுத்தவர் வயலில் களை எடுத்தவள். அந்தக் குடும்பத்தின் பேருக்கு வந்த முதல் மண் இந்தப் பத்துக் குழிதான். பட்டா கைக்கு வந்த அன்று, என் மகள் ஒரு களைக்கும் குனியக் கூடாது என்று சொன்ன காளியம்மாள் அடுத்த பொங்கலுக்கு இல்லை. எழில்மொழி குனியவில்லை. கொல்லை காடாகக் கிடந்தது, யாராவது அதைப் பற்றிக் கேட்டால் எரிந்து விழுந்தாள். சென்னையில் யாரோ களை பிடுங்கும் ரோபோ செய்திருக்கிறார்கள், சோதித்துப் பார்க்க வீட்டுத் தோட்டம் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

ரோபோ ஆமை மாதிரி இருந்தது. முதுகில் சோலார் தகடு, முன்னால் இரும்புக் குறடு. கூடவே, சோதனையைப் பார்த்துக் குறித்துக்கொள்ள, சூர்யபிரகாஷ் என்ற இளைஞன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். சோதனைக்கு இரண்டு விதிகள். மனதில் படுவதையெல்லாம் எழில்மொழி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், என்ன நடந்தாலும் சூர்யபிரகாஷ் குறுக்கிடக் கூடாது. முதல் விதி அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. ரோபோ எடுத்த எடுப்பில் பருப்புக்கீரையைப் பிடுங்க, அவள் போட்ட சத்தத்தில் அது பின்வாங்கி வாழையடியில் ஒண்டிக்கொண்டது. அதன் பிறகு சந்தேகம் வந்தால் அவளுடைய கைப்பேசியில் கேட்கும்: களையா, பயிரா? தானாக முளைத்ததெல்லாம் களையாகிவிடாது என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். கேட்காமல் வந்து உட்கார்ந்து, பக்கத்தில் எதையும் வாழவிடாததுதான் களை.

ஒரு திங்கட்கிழமை ரோபோ கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து நின்றது. கைப்பேசி கேட்டது: களையா, பயிரா? எழில்மொழிக்குப் பயமாக இருந்தது. கல்லைத் தொட்டால் வழக்கு வரும், உத்தியோகத்துக்கே உலை வைப்பார்கள். விதிப்படி அந்தப் பயத்தையும் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லி முடித்ததும் கோபம்தான் மிச்சம் இருந்தது. களை என்பதை அழுத்தினாள்.

உச்சிப்பொழுதுவரை இழுத்தது ரோபோ. கல் ஆணிவேரோடு வந்தது. பக்கவேர்கள் வேலிக்கு அடியில் ஓடி, பக்கத்து வீட்டு யூனுஸின் தென்னந்தோப்பில் கம்பெனி நட்டிருந்த கல்லைப் பிடித்திருந்தன, அந்தக் கல்லின் வேர் அதற்கடுத்த கல்லை. ஒன்றை இழுக்க, குழாய்ப் பாதை நெடுக அத்தனை கல்லும் மல்லாந்தன.

கம்பெனி சர்வேயர் இராஜாங்கம் புதுக் கல்லோடு வந்தார். ரோபோவை நிறுத்தச் சொல்லி சூர்யபிரகாஷிடம் கத்தினார். அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“டெஸ்ட் நடக்குதுங்க சார். நான் குறுக்கிடக் கூடாது.”

இராஜாங்கம் எழில்மொழி பக்கம் திரும்பினார். “கல்லுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாத மெஷினும்மா இது. உங்க ஆபீசுக்கு எழுதினா என்ன ஆகும் தெரியுமா?”

“எழுதுங்க சார்,” என்றாள் அவள். “இந்த ஊர்ல இருக்கிற வயலெல்லாம் எங்கம்மா களை எடுத்தது. எது களைன்னு எங்க வீட்ல கேட்டுட்டுத்தான் இனிமே நடணும்.”

இராஜாங்கம் புதுக் கல்லை நட்டுவிட்டுப் போனார். அவர் கார் மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் ரோபோ அதையும் பிடுங்கிப் போட்டது. அலுவலகத்துக்கு எழுதவும் எழுதினார். எழில்மொழியை வேதாரண்யத்துக்கு மாற்றினார்கள். விடிகாலை பஸ் பிடித்துப் போய் வந்தாளே தவிர வீட்டைக் காலி செய்யவில்லை. கம்பெனி மூன்று வருடம் கல் நட்டுப் பார்த்தது. பிறகு குழாய் வேறு எந்தப் பக்கமாகவோ போவதாகப் பேச்சு வந்தது, கல் வருவது நின்றது. சென்னையிலிருந்து யாரும் சோதனை முடிந்ததென்று சொல்லாததால் சூர்யபிரகாஷ் இன்னும் வேப்பமரத்தடியில்தான் இருக்கிறான். யூனுஸ் வீட்டிலிருந்து அவனுக்கு மதியச் சாப்பாடு வருகிறது. பிடுங்கிய கற்களை வீட்டுக்கொன்றாக எடுத்துப்போய்த் துவைக்கிற கல்லாகப் போட்டுக்கொண்டார்கள். நல்ல கல். ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் வேர் விடும், அரிவாளால் சீவிவிட்டால் துணி கிழியாது.