இரண்டு தண்ணீரில் வெந்த கிழங்கு

உருளைக்கிழங்கைத் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவிட்டான். கொதித்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி அடுப்பில் ஏற்றினான். கிழங்கிலுள்ள பொட்டாசியம் இப்படித்தான் குறையும். மகளின் பழுதான சிறுநீரகங்களால் அதை வெளியேற்ற முடியாது. உடம்பில் தங்கினால் இதயத்தில் கைவைத்துவிடும். லிஃப்ட் பழுதுபார்க்கிற அவனுக்குப் போன வருஷம் இதெல்லாம் தெரியாது.

தெரிந்திருந்தால் அந்த உப்பை வாங்கியிருக்க மாட்டான். மனைவியைப் பிரிந்தபின் மகள் அவனிடம் சனிக்கிழமைகளில் மட்டும் வருவாள். மகளுக்கு உப்பு ஆகாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்ததால், கடை கடையாக ஏறி இறங்கி, சோடியம் குறைந்த உப்பு ஒன்றைத் தேடிப் பிடித்தான். பிள்ளை வெகுநாளைக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டது. சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் கலந்திருந்ததை ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். மகளின் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்களைப் பார்த்தபடி அவன் நின்றபோது மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அதற்குப்பின் மகளோடு சாப்பாட்டு டப்பாவும் வர ஆரம்பித்தது. அவன் வீட்டு அடுப்பு அவளுக்கு ஆகாததாகிவிட்டது.

அவன் தனியாகச் சமைத்துப் பழகினான். பூண்டு, மிளகு, இரண்டு சொட்டு எலுமிச்சை. முதலில் வாயில் வைக்க முடியவில்லை. நன்றாக வந்த நாளிலும் சொல்ல ஆளில்லாமல் தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். ஒருநாள் தாமதமாகப் போனபோது மேற்பார்வையாளர், "சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?" என்று கத்தினார்.

"இல்ல சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான்.

போன வாரம்தான் துணிந்து மனைவிக்குப் போன் செய்தான். "ஒரு வேளை நான் சமைச்சுப் போடுறேனே."

"எப்படிச் செய்வீங்க, சொல்லுங்க."

பரீட்சைக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னான்.

"சரி. மதியம் மட்டும்."

இந்தச் சனிக்கிழமை மதியம், மகள் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. "ஸ்கூல்ல நான் தனியா உக்காந்துதான் சாப்பிடுவேன். மத்தவங்க டப்பா எல்லாம் வாசனையா இருக்கும். நீ?"

"லிஃப்ட் மோட்டார் ரூம்ல. மொட்டைமாடில இருக்கும். அங்க யாரும் வர மாட்டாங்க."

ஒரு வில்லையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். யோசித்து, திரும்ப எடுத்துக்கொண்டாள். "எனக்கு அளவு குறைஞ்சிடும்பா."

சாயங்காலம் மனைவி அழைத்துப்போக வந்தாள். "மிச்சம் வெச்சாளா?"

"இல்ல. அவ பங்கு முழுசும் சாப்பிட்டா."

மனைவி நேராக அடுப்படிக்குப் போய், பாத்திரத்தைத் திறந்து, ஒரு வில்லையை வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்று எடுத்தாள். பிறகு கரண்டியையே எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்குப் பசி என்பது அவனுக்கு உறைத்தது.

"தட்டு தரட்டுமா?"

"வேண்டாம்." நின்றபடியே சாப்பிட்டாள். "எனக்கும் இதுவே பழகிடுச்சு. வெளிய எதைத் தின்னாலும் கரிக்குது."

எனக்கும்தான் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்ட மகள் வாசலிலிருந்து, "அம்மா, பஸ்ஸு" என்றாள்.

"அடுத்த வாரம்..." என்றான் அவன்.

"போன் பண்றேன்."

ஜன்னலுக்கு வந்து கீழே பார்த்தான். பஸ் நிறுத்தத்தில் மனைவி பையிலிருந்து சின்னத் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மகளுக்கு ஒரு நாளைக்கென்று அளந்த தண்ணீரில் எவ்வளவு மிச்சம் என்று வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். மூடியில் கொஞ்சம் ஊற்றி மகளிடம் கொடுத்தாள். தான் குடிக்காமலே பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். மகள் மூடியை உதட்டில் கவிழ்த்து, கடைசிச் சொட்டு இறங்குவதற்காக அண்ணாந்தபடியே நின்றாள்.