முதுகுக்கு எண்ணெய்

எனக்கு வைத்தியம் என்று ஒரு கூண்டு வந்தது. இடுப்பில் தோல்பட்டை, அதிலிருந்து ஏறும் இரும்புக் கம்பிகள், கழுத்தைச் சுற்றி ஒரு வளையம். அறுபத்து மூன்றாம் வருஷம், எனக்குப் பதினாலு வயது. முதுகுத்தண்டு வளைகிறது, வளர்ச்சி நிற்கும்வரை ராத்திரி பகலாக இதைப் போட்டிருக்க வேண்டும் என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லிவிட்டார். தென்காசியில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஒதுங்கி வழி விட்டார்கள். அதுதான் பொறுக்கவில்லை. அம்மாகூடப் பட்டையை இறுக்குவதற்கு மட்டும்தான் என்னைத் தொட்டாள்.

அக்கா வடிவாம்பாளுக்கு ஆலங்குளத்திலிருந்து வரன் வந்தது. சாரல் சமயத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் குற்றாலக் குளியலையும் கையோடு முடித்துக்கொள்வார்கள். மாப்பிள்ளையின் அம்மா உலகம்மாள், "சின்னவளையும் அருவிக்குக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஒரு நாளைக்குக் கழட்டுனா ஒண்ணும் ஆவாது. துண்டப் போத்திக்கோ. முதுக மட்டும் அவுகளுக்குக் காட்டிராத. குடும்பத்துல உள்ள சீக்குன்னு சொல்லி அக்காவ வேண்டாம்னுருவாக."

இரும்பை ஒளித்த அம்மா எண்ணெயை மறந்துவிட்டாள். அருவியில் இறங்குமுன் பெண்கள் ஒருவர் முதுகுக்கு ஒருவர் தேய்த்துவிடுவது வழக்கம். உலகம்மாள் அக்காவுக்குத் தேய்த்து முடித்ததும் என்னை இழுத்து உட்கார வைத்தாள்.

"ஏட்டி, எங்கிட்ட என்ன வெக்கம்? திரும்பு, தேச்சி விடுதேன்."

"வேண்டாம் மதினி" என்று அம்மா ஓடி வருவதற்குள் துண்டு போய்விட்டது.

உலகம்மாளின் கை வெதுவெதுப்பாக இருந்தது. கழுத்திலிருந்து நேராக இறங்கி, வளைவில் வலப்பக்கம் சறுக்கி, அங்கேயே நின்றது. அக்கா என்னையே பார்த்தாள். ஏதாவது செய்யேன் என்று அவள் கண் கெஞ்சியது. நான் என்ன செய்ய? வரன் போயிற்று என்று எனக்கும் தெரிந்தது. ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். இந்த அம்மாள் கையை எடுத்துவிடக் கூடாது.

எடுத்துவிட்டாள். என் துண்டிலேயே எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, "ஆலங்குளம் பஸ்ஸுக்கு நேரமாச்சி மதினி" என்றாள்.

அவள் இன்னும் குளிக்கவே இல்லை.