தம்பி ஒட்டிய சீட்டுகள்

அந்த ஸ்கேன் நிலையத்தின் பின்னறையில் ஒன்பதாயிரம் சிடிகள் இருந்தன. பத்தொன்பது வருஷமாக அந்தக் குடும்பம் எடுத்த படங்கள் அத்தனையும் ஆளுக்கு ஒரு சிடியாக இரும்பு அலமாரிகளில் நின்றன. வேறு யாரும் மூன்று வருஷத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. நிலையத்தை நடத்திய பெரியவர் வைத்திருந்தார். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிற வீடு அது.

ஒவ்வொரு சிடியின் மேலும் பேர், தேதி எழுதிச் சீட்டு ஒட்டியது அவருடைய தம்பி. அந்தத் தம்பிதான் போன வருஷம் அண்ணனோடு முறைத்துக்கொண்டு, எதிர்த்தெருவில் இருந்த இன்னொரு நிலையத்தில் போய் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளியாக உட்கார்ந்திருந்த பிள்ளை அடுத்தவன் வாசலில் கைகட்டி நிற்பதைவிட ஒரு குடும்பத்துக்கு என்ன தலைகுனிவு வேண்டும்? பெரியவர் அந்தத் தெரு வழியாக நடப்பதையே விட்டார்.

"இந்த அலமாரிக்குள்ள அவன் கையெழுத்து இருக்கக் கூடாது" என்றார் மருமகளிடம்.

"பேரையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா சீட்டை யாரு மாமா பார்க்கப் போறா? இருந்துட்டுப் போகட்டுமே."

"நான் பார்ப்பேன்மா."

அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு கிடையாது. மருமகள் முன்னறையில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டையும் பார்த்துப் பேர், தேதி, எந்த உறுப்பு, எந்த அலமாரி, எத்தனையாவது சிடி என்று பட்டியலில் ஏற்றுவாள். ஏற்றியதைப் பின்னறைக்கு அனுப்புவாள். அங்கே பெரியவர் முடி காயவைக்கும் கருவியால் சீட்டைச் சூடாக்கி, நகத்தால் நெம்பி உரிப்பார். பிறகு தன் கையால் புது எண்ணை எழுதி உறையில் போட்டு, அலமாரியில் தானே அடுக்குவார். வேலைக்காரர்களிடம் விட அவருக்கு மனமில்லை.

"ஐயா என்ன, வெங்காயம் உரிக்கிறாரா?" என்று ஸ்கேன் எடுப்பவர் மருமகளிடம் கிசுகிசுத்தார்.

"கண்ணுல தண்ணி வராம உரிக்கிறார், பாருங்க" என்றாள் அவள்.

சீட்டோடு சேர்ந்து வெள்ளித்தகடு போல ஒன்று வந்தது. "பின்பக்கம் ஈயத்தாள் வச்ச சீட்டா வாங்கியிருக்கான், ஊதாரி" என்று முணுமுணுத்தார் பெரியவர். உரித்த இடம் கண்ணாடி மாதிரித் துலங்கியதில் அவருக்குத் திருப்தி.

நான்கு மாதத்தில் வேலை முடிந்தது. சோதித்துப் பார்க்கப் பெரியவர் வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்வார். மருமகள் தட்டிப் பார்த்து எண்ணைச் சொல்வாள். அவர் எழுந்துபோய் ஒரு நிமிஷத்துக்குள் சிடியோடு வருவார். உறையைக் கூடப் பிரிக்காமல் அதன் இடத்திலேயே திரும்ப வைப்பார்.

வியாழக்கிழமை காலை ஒரு பெண் வந்தாள். நேராகப் பெரியவர் மேஜைக்கே வந்தாள்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரர் மாடிப்படியில விழுந்தப்ப இங்கதான் நெஞ்சு ஸ்கேன் எடுத்தோம். இப்போ நுரையீரல்ல ஒரு புள்ளி இருக்குங்கறாங்க. பழைய படத்துலயும் அதே அளவுல இருந்தா பயமில்லையாம், விட்டுடலாமாம். இல்லேன்னா திங்கக்கிழமை அறுக்கணும்கறார் டாக்டர்."

"அப்போ குடுத்த ரிப்போர்ட் இருக்காம்மா?"

"இருக்கு. அதுல விலா எலும்பைப் பத்தித்தான் எழுதியிருக்கு. படத்தையே பார்க்கணுமாம்."

"உட்காரும்மா. இப்பவே எடுத்துத் தரேன்."

எண்ணிப் பார்த்தால் நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது. பெரியவர் உறையோடு கொண்டுவந்து கொடுத்ததை, ஸ்கேன் எடுப்பவர் உள்ளே கம்ப்யூட்டரில் போட்டார். சிடியைப் போடவும் என்றது திரை. துடைத்துப் போட்டார். அதையே சொன்னது. சிடியை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அதன் வழியே எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது.

"ஐயா... படம் பதியறது இந்த மேல்பக்கத் தகட்டுலதான். சீட்டோட அதுவும் வந்துடுச்சு."

"மத்ததைப் போட்டுப் பாரு."

கைக்கு வந்த பத்தைப் போட்டார்கள். இரண்டு திறந்தன. மருமகள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். திரையில் அவளுடைய பட்டியல் ஒரு எழுத்துப் பிசகாமல் நின்றது.

பெரியவர் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். ஒரு வருஷத்தில் முதல் தடவை.

"சொல்லுங்கண்ணா" என்றார் தம்பி. குரலில் பதற்றம். "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"பழைய சிடிக்கெல்லாம் வேற நகல் ஏதாவது வச்சிருந்தியா?"

"ஏது? ரெண்டாவது நகல் எடுக்கலாம்னு கேட்டேன். நம்ம கை மேல நமக்கே நம்பிக்கை இல்லையான்னு நீங்கதானே தடுத்தீங்க?" அண்ணன் எதற்குக் கேட்கிறார் என்று தம்பிக்குப் பிடிபட்டது. "சீட்டை உரிச்சீங்களா?"

"உரிச்சிட்டேன்."

"ஏண்ணா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"உன்கிட்டயா?" என்று பழக்கத்தில் வந்துவிட்டது. தம்பியும் போனை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. கடைசியில் மருமகள்தான் அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"காலத்துல கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம் ஐயா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் ஸ்கேன் எடுப்பவர்.

பெரியவர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் நகர்ந்துகொண்டார். செய்த தப்போடு பொய்யையும் சேர்க்க அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

முன்னறைக்குப் போய் நின்றார். "கிடைச்சுதும்மா. ஆனா அதுல படம் இல்லை. என் கையாலேயே அழிச்சிட்டேன். தெரியாமதான்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவளோ, "வேற எங்கயும் இருக்காதா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்காது."

"அப்போ டாக்டருக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் வாயால சொன்னா நம்பமாட்டார்."

நிலையத்தின் பேர் அச்சிட்ட தாளில், படம் என்னால் அழிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"அந்தப் புள்ளி பழசா புதுசான்னு இதுல எழுதலையே?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

அவள் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்கக்கூடப் பெரியவருக்கு வாய் வரவில்லை.