இரும்புப் பெட்டிமேல் நாலு பேர்

யுத்தம் முடிந்த மறுவருஷம், ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் ஏலத்துக்கு விட்ட ஒரு சின்ன டிராக்டரை என் வீட்டுக்காரர் கோதண்டம் வாங்கி வந்தார். மேடுபள்ளத்தைச் சமன் செய்ய, அதன் பின்னால் மாட்டி இழுத்து மண்ணை வழிக்கும் இரும்புப் பெட்டி ஒன்றும் வேண்டுமாம். என்னையும் அழைத்துக்கொண்டு மறுபடி ஆவடிக்குப் போனார். சின்னதும் பெரியதுமாக இரண்டு பெட்டிகள் கிடந்தன.

"வண்டி சின்னதா கீதே, சின்னதையே எடுங்களேன்" என்றேன்.

"மாடா இழுக்கப் போவுது? உனுக்கு இன்னா தெரியும்?" என்று பெரியதையே எடுத்தார்.

மறுநாள் கரையான்சாவடியில் எங்கள் நிலத்தில் என் கொழுந்தன் பரந்தாமன் டிராக்டரில் ஏறினான். மாடு கட்டிப் பரம்பு அடிக்கும்போது, பலகை மண்ணில் அழுந்த ஆள் ஏறி நிற்பது வழக்கம். அதே நினைப்பில் இவரும் மூன்று பங்காளிகளும் பெட்டிமேல் ஏறி நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

பெட்டி மண்ணைக் கவ்விக்கொண்டு அசையாமல் நின்றது. டிராக்டரின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. அதன் மூக்கு வானத்தைப் பார்த்தது. "ஹோவ்! ஹோவ்!" என்று கத்திக்கொண்டே பரந்தாமன், மூக்கணாங்கயிற்றை இழுப்பதுபோல் ஸ்டியரிங்கை மார்போடு இழுத்தான்.

நல்லவேளை, எஞ்சின் திணறி நின்றுபோனது. வண்டி தொப்பென்று கீழே இறங்கியது. பரந்தாமன் ஸ்டியரிங்கை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். பங்காளிகள் குதித்து ஓடினார்கள்.

இவர் மட்டும் பெட்டியைவிட்டு இறங்காமல், வெளிறிய முகத்தோடு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பெட்டி நல்ல பெட்டிதாம்மே. வண்டியைத்தான் சின்னதா வாங்கிட்டேன்."